புல்மோட்டை மணலும் ஆவி படியாத கண்ணாடியும்

மார்கழி மாதத்தில் கந்தளாயிலிருந்து திருகோணமலைக்கு அதிகாலை பஸ்ஸில் போனவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. வெளியே வாடைக்காற்றுடன் மழை. யன்னல்கள் எல்லாம் சாத்தியிருக்கும். உள்ளே ஐம்பது அறுபது பேரின் மூச்சுக்காற்று. பத்து நிமிடத்துக்குள் முன்கண்ணாடி பால் பூசியதுபோல் வெளிறிவிடும். வைப்பர் வெளிப்பக்கத்தைத்தான் துடைக்கும். உள்பக்கத்துக்கு ஒரு பழந்துணிதான் கதி. சாரதி ஒரு கையில் சுக்கானைப் பிடித்தபடி மறுகையால் துடைப்பார். கை எட்டாத இடத்தை, "தம்பி, அந்தப் பக்கத்தை ஒருக்கால் துடைச்சு விடுங்கோ" என்று முன் ஆசனத்தில் இருப்பவரிடம் விட்டுவிடுவார். வீதியில் மாடு படுத்திருக்கும், சில இடங்களில் யானையும் நிற்கும். துடைத்த இடம் மறுபடி வெளிறுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

பழைய சாரதிகள் சிலர் இதற்கு ஒரு கைவைத்தியம் வைத்திருந்தார்கள். புகையிலையை நனைத்துக் கண்ணாடியில் தேய்ப்பார்கள். அது இல்லாவிட்டால் சவர்க்காரம். தேய்த்த இடத்தில் கொஞ்ச நேரத்துக்கு ஆவி வெள்ளையாகப் படியாது. அவர்கள் கையால் கண்டுபிடித்த அதே விடயத்தை ஜப்பானிய ஆய்வுகூடம் ஒன்று 1997ஆம் ஆண்டு வேறொரு வழியில் கண்டுபிடித்து உலகப் புகழ் பெற்றது. அதற்குப் பயன்பட்ட பொருள் டைட்டானியம் டைஒக்சைட். அந்தப் பொருளின் மூலமணல் கந்தளாயிலிருந்து சுமார் நூறு கிலோமீற்றர் தொலைவில், எமது மாவட்டத்திலேயே, புல்மோட்டைக் கடற்கரையில் கறுப்பாகக் கிடக்கிறது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பேசுவோர் குறைவு. இல்மனைட் பற்றிய செய்திகள் எமக்குக் காணி, கப்பல், ஏற்றுமதி, போராட்டம் என்ற அளவிலேயே வந்து சேர்கின்றன. அந்த மணல் கடைசியில் என்னவாகிறது என்பதை இங்கே பார்ப்போம்.

துளியும் படலமும்

ஆவி படிந்த கண்ணாடியில் இருப்பது தண்ணீர்தான். தண்ணீர் ஒளியை மறைப்பதில்லை. ஆனால் அது மிகச் சிறிய துளிகளாக நிற்கும்போது ஒவ்வொரு துளியும் ஒளியை ஒவ்வொரு பக்கம் சிதறடிக்கிறது. அதனால்தான் கண்ணாடி வெள்ளையாகத் தெரிகிறது. அதே அளவு தண்ணீர் துளியாக நிற்காமல் மெல்லிய படலமாகப் பரவிவிட்டால் கண்ணாடி தெளிவாகவே இருக்கும். அப்படியானால் ஆவியைத் தடுக்கத் தண்ணீரை விரட்ட வேண்டியதில்லை, அதைப் பரவ விட்டாலே போதும். சவர்க்காரம் செய்வது இதைத்தான். ஆனால் இரண்டு தடவை துடைத்தால் அது போய்விடும்.

தண்ணீர் ஒரு மேற்பரப்பில் எவ்வளவு பரவுகிறது என்பதைத் தொடுகோணம் என்ற அளவால் சொல்வார்கள். தாமரை இலையில் தண்ணீர் முத்தாக உருள்கிறது. அங்கே தொடுகோணம் மிகப் பெரியது. தண்ணீர் முற்றாகப் பரவினால் கோணம் பூச்சியத்தை நெருங்கும். எண்ணெய்ப் பிசுக்கும் கைரேகையும் படிந்த சாதாரணக் கண்ணாடி இரண்டுக்கும் இடையில் நிற்கும்.

டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பட்டப்பின் மாணவராக இருந்த அகிரா புஜிஷிமா, 1967இல் டைட்டானியம் டைஒக்சைட் பளிங்கு ஒன்றைத் தண்ணீரில் அமிழ்த்தி ஒளி பாய்ச்சியபோது அதன் மேற்பரப்பிலிருந்து வாயுக் குமிழிகள் வருவதைக் கண்டார். தண்ணீர் ஒட்சிசனும் ஐதரசனுமாகப் பிரிந்துகொண்டிருந்தது. தனது ஆசிரியர் கெனிச்சி ஹொண்டாவுடன் சேர்ந்து 1972இல் 'நேச்சர்' சஞ்சிகையில் அவர் அதை வெளியிட்டார். எண்ணெய் நெருக்கடி வந்த காலம் அது. எரிபொருளாக ஐதரசன் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில் உலகமே அந்தப் பக்கம் திரும்பியது. எதிர்பார்த்த அளவுக்கு ஐதரசன் கிடைக்கவில்லை. ஆனால் ஒளி பட்டால் இந்தப் பொருள் தன்னைத் தொடும் அழுக்கைச் சிதைக்கிறது என்பது தெரியவந்தது. 1997இல் அதே பல்கலைக்கழகத்தினரும் டோட்டோ என்ற குளியலறைப் பொருள் கம்பனியினரும் இணைந்து, கழியூதா ஒளி பட்ட டைட்டானியம் டைஒக்சைட் படலத்தில் தண்ணீரின் தொடுகோணம் ஏறக்குறையப் பூச்சியமாகிவிடுகிறது என்று அறிவித்தார்கள். ஆவி படியாத கண்ணாடி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இரண்டு வேலைகள், ஒரே படலம்

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்குக் குறைகடத்தி ஞாபகம் இருக்கும். டைட்டானியம் டைஒக்சைட்டும் ஒரு குறைகடத்திதான். போதிய சக்தியுள்ள ஒளி பட்டால் உள்ளே ஓர் இலத்திரன் தன் இடத்தை விட்டு மேலே எழும்பும். அது விட்டுச்சென்ற இடம் 'துளை' எனப்படும். இலத்திரனும் துளையும் மேற்பரப்புக்கு வந்து, காற்றிலுள்ள ஒட்சிசனையும் ஈரத்தையும் பிடித்து மிகத் தீவிரமான மூலிகங்களாக மாற்றுகின்றன. அவை எண்ணெய், புகைக்கரி, பாசி, பக்ரீறியா போன்ற சேதனப் பொருட்களைத் துண்டு துண்டாக உடைத்துக் கடைசியில் காபனீரொட்சைட்டாகவும் தண்ணீராகவும் ஆக்கிவிடுகின்றன. இது முதல் வேலை.

இரண்டாவது வேலை தண்ணீரைப் பரவச் செய்வது. ஒளி பட்ட பிறகு மேற்பரப்பு ஏன் தண்ணீரை அவ்வளவு விரும்புகிறது என்பது பற்றி ஆய்வாளர்களிடையே இன்னமும் வாதம் உண்டு. மேற்பரப்பின் அமைப்பே மாறுகிறது என்கிறார்கள் ஒரு பகுதியினர். எண்ணெய்ப் பிசுக்கு எரிந்து போவதால் சுத்தமான மேற்பரப்பு வெளிப்படுகிறது, அவ்வளவுதான் என்பது மற்றவர்களின் வாதம். எதுவாயினும் விளைவு ஒன்றே. மழை பெய்தால் தண்ணீர் தாள் போலப் பரவி வழிந்து, பிடியிழந்த அழுக்கையும் இழுத்துக்கொண்டு போகிறது.

இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 2001இல் இந்தப் பூச்சுடன் யன்னல் கண்ணாடியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பூச்சு சுமார் 15 நனோமீற்றர் தடிப்பு மட்டுமே. ஒரு மில்லிமீற்றரில் இப்படியான படலங்களை அறுபதாயிரத்துக்கு மேல் அடுக்கலாம். ஏன் இவ்வளவு மெல்லியது? டைட்டானியம் டைஒக்சைட் ஒளியைக் கண்ணாடியைவிட அதிகமாகத் தெறிக்கச் செய்யும். தடித்தால் கண்ணாடி கண்ணாடியாக இராது, நிறம் காட்டும் முகம்பார்க்கும் கண்ணாடியைப் போலாகிவிடும்.

தொழிற்சாலையில் கண்ணாடி சூடாக இருக்கும்போதே ஆவி வடிவில் இந்தப் பூச்சைப் படியவிடுகிறார்கள். ஆய்வுகூடத்தில் செய்வது இன்னும் எளிது. டைட்டானியம் சேர்ந்த ஒரு திரவத்தை மதுசாரத்தில் கரைத்து, சிறிதளவு அமிலம் சேர்த்துக் கூழ்மமாக்குகிறார்கள். கழுவிய கண்ணாடித் துண்டை அதில் அமிழ்த்தி ஒரே வேகத்தில் மெதுவாக மேலே இழுக்கிறார்கள். காய்ந்ததும் சூளையில் 400 முதல் 500 பாகை செல்சியஸில் சுடுகிறார்கள். அந்தச் சூட்டில்தான் அனடேஸ் என்ற, வேலை செய்யக்கூடிய பளிங்கு வடிவம் உருவாகும். சாதாரணக் கண்ணாடியில் ஒரு சிக்கல் உண்டு. சூட்டில் கண்ணாடியிலுள்ள சோடியம் மேலே ஊர்ந்து வந்து படலத்தைக் கெடுத்துவிடும். அதனால் முதலில் ஒரு சிலிக்காப் படலம் இட்டுவிட்டு அதன்மேல்தான் இதை இடுவது வழக்கம். படலம் வேலை செய்கிறதா என்று பார்க்க மெதிலீன் நீலம் என்ற சாயத்தைத் தடவி வெயிலில் வைப்பார்கள். நீலம் வெளிறினால் படலம் வேலை செய்கிறது.

உலோகம் ஏன் சேர்க்கிறார்கள்

இங்கேதான் கந்தளாய் பஸ்ஸின் முன்கண்ணாடிக்குத் திரும்ப வேண்டும்.

அனடேஸில் இலத்திரனை எழுப்ப 3.2 இலத்திரன் வோல்ட் சக்தி வேண்டும். அது கழியூதா ஒளிக்குத்தான் உண்டு. எமது தலைக்கு மேல் கொளுத்தும் வெயிலிலும் கழியூதாவின் பங்கு நூற்றுக்கு ஐந்து வீதத்துக்கு உட்பட்டதே. மிகுதி வெளிச்சம் முழுவதும் இந்தப் படலத்துக்கு வீண். அதைவிட மோசமான சங்கதி ஒன்றும் உண்டு. வாகன முன்கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்ரிக் தாள் ஒன்றை வைத்து ஒட்டியது. உடைந்தால் சிதறாமலிருக்கவே அப்படிச் செய்கிறார்கள். அந்தத் தாள் கழியூதாவை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடுகிறது. ஆவி படிவது உள்பக்கத்தில், அங்கே கழியூதா வருவதேயில்லை. ஆகவே வெளியே நன்றாக வேலை செய்யும் சாதாரண டைட்டானியம் பூச்சு, சாரதிக்குத் தேவையான இடத்தில் வேலை செய்யாது. வைத்தியசாலை விடுதியின் உட்சுவர், குழல்விளக்கின் கீழ் இருக்கும் தளஓடு எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

அதற்குத்தான் உலோகம். மிகச் சிறிய அளவில் இரும்பு, செம்பு, வெள்ளி, வனேடியம் போன்ற ஏதாவது ஒன்றின் அணுக்களைப் பளிங்குக்குள் புகுத்தினால் இடையில் புதிய படிகள் உருவாகின்றன. மதில் உயரமாக இருந்தால் நடுவில் ஒரு கல்லை வைத்து ஏறுவதுபோல, குறைந்த சக்தியுள்ள சாதாரண வெளிச்சமும் இலத்திரனை எழுப்பிவிடலாம். இதை மாசூட்டல் என்று எங்கள் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. தூய்மைப்படுத்தும் பூச்சுக்கு மாசூட்ட வேண்டியிருப்பது ஒரு வேடிக்கைதான்.

ஆனால் எந்த உலோகத்தையும் எந்த அளவிலும் போடலாம் என்பதில்லை. அமெரிக்காவின் கல்டெக் நிறுவனத்தில் சொய், டெர்மின், ஹொஃப்மன் ஆகிய மூவர் 1994இல் 21 உலோகங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துச் சோதித்தார்கள். இரும்பு, மொலிப்டினம், ருத்தேனியம், வனேடியம் முதலியன நூற்றில் அரைப்பங்குக்கு மேற்படாத அளவில் வேலையைக் கூட்டின. கோபால்ற்றும் அலுமினியமும் குறைத்தன. அளவு மீறினால் நல்ல உலோகமும் கெடுதலாகிவிடும். எழும்பிய இலத்திரனும் துளையும் மேற்பரப்புக்கு வருமுன் அந்த உலோக அணுவிலேயே ஒன்றையொன்று சந்தித்து அழிந்துபோகும். இரும்பு கூடினால் கண்ணாடி மஞ்சளாகும். வெள்ளியும் செம்பும் கிருமிகளைக் கொல்வதில் கெட்டி, அதனால் ஜப்பானில் வைத்தியசாலைத் தளஓடுகளுக்கு அவற்றைச் சேர்த்த பூச்சுகள் வந்தன. வெள்ளி காலப்போக்கில் கறுக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே விடை இல்லாததால்தான் உலகெங்கும் ஆய்வுகூடங்களில் இன்றும் இந்த விகிதங்களை மாற்றி மாற்றிச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இருட்டிலும் தண்ணீரைப் பரவவைக்க இன்னொரு வழி சிலிக்காவைக் கலப்பது. சிலிக்காவுக்கு இயல்பாகவே தண்ணீர்ப் பிடிப்பு உண்டு. வெளிச்சம் போனபிறகும் அது சில காலம் தாக்குப்பிடிக்கும். வாகனத்தின் உட்புறத்துக்கு இந்தக் கலப்பே நடைமுறைக்கு அதிகம் ஒத்துவரும் என்பது எனது எண்ணம்.

புல்மோட்டை

திருகோணமலையிலிருந்து வடக்கே ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் போனால் புல்மோட்டை. அங்கே கடற்கரை வெள்ளையாக இராது. அலை விலகிய இடத்தில் கருமணல் படைபடையாகத் தெரியும். கையில் அள்ளினால் சாதாரண மணலைவிடப் பாரம். அதில் பெரும்பகுதி இல்மனைட். அதாவது இரும்பும் டைட்டானியமும் ஒட்சிசனும் சேர்ந்த கனியம். கூடவே றூட்டைல், சேர்கோன், சிறிதளவு மொனசைட். புல்மோட்டை இல்மனைட்டில் டைட்டானியம் டைஒக்சைட்டின் பங்கு பாதிக்குச் சற்று அதிகம். காந்தத்தைக் கொண்டு இல்மனைட்டை வேறாக்கலாம்.

இதை எடுப்பதற்காக 1957இல் கனிய மணல் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. இன்று அது அரசுக்குச் சொந்தமான இலங்கை கனிய மணல் நிறுவனம். ஆறு தசாப்தங்களாக நடப்பது பெரும்பாலும் ஒன்றே. மணலை அள்ளி, கழுவி, பிரித்து, கப்பலில் ஏற்றுவது. ஜப்பானுக்கும் சீனாவுக்கும் அது மணலாகவே போனது.

யுத்தம் இந்தக் கடற்கரையை விட்டுவைக்கவில்லை. 1997 செப்டெம்பரில், டோக்கியோ ஆய்வாளர்களின் கட்டுரை வெளிவந்த அதே ஆண்டில், புல்மோட்டைக்கு அப்பால் இல்மனைட் ஏற்றிக்கொண்டிருந்த 'கோர்டியாலிட்டி' என்ற கப்பல் கடற்புலிகளின் தாக்குதலுக்கு உள்ளானது. சீன மாலுமிகளும் பலியானார்கள். ஆலையின் வேலைகள் யுத்தகாலத்தில் நீண்ட இடைவெளிகளுக்கு நின்றுபோயின. 2009 மார்ச்சில் இதே புல்மோட்டையில் இந்திய மருத்துவக் குழு ஒரு கள வைத்தியசாலையை அமைத்தது. புதுமாத்தளன் கரையிலிருந்து செஞ்சிலுவைக் குழுவின் கப்பல் ஏற்றிவந்த காயக்காரர்கள் அங்கேதான் இறக்கப்பட்டார்கள். எமது வாசகர்களில் பலருக்குப் புல்மோட்டை என்றால் இல்மனைட் ஞாபகம் வராது. அந்தக் கப்பல்தான் ஞாபகம் வரும்.

யுத்தம் முடிந்தபின் கொக்கிளாய்ப் பக்கத்தில் கனிய மணல் காணிப் பிரச்சினை எழுந்தது. மன்னார்த் தீவில் அவுஸ்திரேலிய நிறுவனம் ஒன்றின் இல்மனைட் திட்டத்துக்கு எதிராக மக்கள் இன்றும் குரல் கொடுத்து வருகிறார்கள். எமது மணலை மணலாக விற்காமல் இங்கேயே பெறுமதி கூட்டி விற்க வேண்டும் என்ற பேச்சும் ஒவ்வொரு தேர்தலிலும் வந்துபோகிறது.

இந்தப் பேச்சில் பாதி உண்மை உண்டு. ஆனால் பெறுமதி கூட்டல் என்பது சும்மா வருவதல்ல. இல்மனைட்டிலிருந்து வெள்ளைத் தூளை எடுக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று சல்பூரிக் அமிலம், மற்றது குளோரின். அமில வழியில் ஒரு தொன் தூளுக்குப் பல தொன் கழிவு மிஞ்சும். எங்களைப் போன்ற கருமணல் கரை கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் உண்டு. 1909இல் சொம்பேர்க் என்ற ஜேர்மனியர், கயிற்றுநாரில் ஒட்டிவந்த மணலைக் கண்டு மணவாளக்குறிச்சிக் கரையைத் தேடிப் போனார் என்பது அந்தத் தொழிலின் தொடக்கக் கதை. திருவனந்தபுரத்தில் 1946இல் நிறுவப்பட்ட திருவாங்கூர் டைட்டானியம் ஆலை பல தசாப்தங்களாக வெள்ளைத் தூளை உற்பத்தி செய்கிறது. அதன் அமிலக் கழிவு வேளிக் கடலில் கலந்ததற்கு எதிராகக் கடற்றொழிலாளர்கள் குரல் கொடுத்ததும் அதே கதையின் மறுபக்கம். கரைவலை இழுக்கும் ஊர்களுக்கு அருகில் இப்படியோர் ஆலை வேண்டுமென்று கேட்பவர்கள் முதலில் வேளிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

ஒரு கிராமில் எத்தனை கண்ணாடி

இனி ஒரு சின்னக் கணக்கு. 15 நனோமீற்றர் தடிப்பில் ஒரு சதுர மீற்றர் கண்ணாடியைப் பூசத் தேவையான டைட்டானியம் டைஒக்சைட் சுமார் 0.06 கிராம். ஒரு கிராம் இருந்தால் பதினாறு பதினேழு சதுர மீற்றர் பூசலாம். ஒரு தொன் புல்மோட்டை இல்மனைட்டிலுள்ள டைட்டானியம் முழுவதையும் வீணாகாமல் எடுக்க முடிந்தால், அது ஒன்பது சதுர கிலோமீற்றர் கண்ணாடிக்குப் போதும்.

அப்படியானால் கப்பல் கப்பலாகப் போகும் மணல் எங்கே போகிறது? பெரும்பகுதி பெயின்ற்றுக்குத்தான். உலகில் எடுக்கப்படும் டைட்டானியம் கனியத்தில் மிகப் பெரும்பங்கு வெள்ளை நிறம் தரும் தூளாகிறது. பெயின்ற், பிளாஸ்ரிக், காகிதம், பற்பசை என்று எங்கும் அது இருக்கிறது. மீள்குடியேற்ற வீட்டுச் சுவருக்கு அடித்த வெள்ளைப் பெயின்ற்றிலும் அது இருக்கும். பெயின்ற் செய்பவர்களுக்கு, ஒளி பட்டால் அழுக்கைச் சிதைக்கும் இந்தக் குணம் வேண்டவே வேண்டாம். அது பெயின்ற்றையே சிதைத்துவிடும். வெயில் பட்ட பழைய சுவரைத் தொட்டால் கையில் சுண்ணாம்புபோல் ஒட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். அதைத் தடுக்க ஒவ்வொரு துகளையும் சிலிக்காவாலும் அலுமினாவாலும் போர்த்துகிறார்கள். கண்ணாடிக்காரர் விரும்பும் குணத்தைப் பெயின்ற்காரர் காசு செலவழித்து மூடுகிறார்.

ஆக, கண்ணாடிப் பூச்சு மணலை விழுங்கும் தொழில் அல்ல. அதற்காகக் கடற்கரையை வெட்டத் தேவையில்லை. தேவைப்படுவது கைப்பிடி மணலும் நல்ல ஆய்வுகூடமும் அதில் பழகிய ஆட்களும். இன்னொரு முரண், இல்மனைட்டில் இரும்பு இயல்பாகவே இருக்கிறது. அமிலத்தில் கரைத்து அதை அரும்பாடுபட்டு நீக்குகிறார்கள். பிறகு மாசூட்டல் ஆய்வுக்காக அதே இரும்பைச் சிட்டிகையாகத் திரும்பச் சேர்க்கிறார்கள். இரும்பை முழுவதும் நீக்காமல் வேண்டிய அளவில் விட்டுவைக்க முடியுமா என்பது எமது மணலை வைத்து எமது மாணவர்கள் கேட்கக்கூடிய கேள்வி.

அந்த ஆட்கள் இல்லாமலும் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் துறையில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி ரவிராஜனின் குழு பல ஆண்டுகளாக டைட்டானியம் டைஒக்சைட் படலங்களில் வேலை செய்து வருகிறது. அவர்களின் இலக்கு கண்ணாடியைச் சுத்தமாக்குவதல்ல, சாயம் பூசிய சூரியக் கலங்கள். ஆனால் படலம் அதே படலம், மாசூட்டலும் அதே மாசூட்டல். நோர்வேயின் பேர்கன் நகரிலுள்ள மேற்கு நோர்வே பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் தயாளன் வேலாயுதபிள்ளையுடன் இணைந்து, ருத்தேனியம் மாசூட்டிய டைட்டானியம் டைஒக்சைட் பற்றி அவர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வு அவற்றில் ஒன்று. ஹோமாகமவிலுள்ள இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவனமும் இல்மனைட்டிலிருந்து டைட்டானியம் டைஒக்சைட் எடுக்கும் வழிகளில் ஈடுபட்டிருக்கிறது.

அந்த 2020 ஆய்வுக்கு யாழ்ப்பாணத்தில் பயன்படுத்திய தூளின் பெயர் பி25. உலகெங்கும் ஆய்வாளர்கள் பயன்படுத்தும் நம்பகமான தூள் அது. தயாரிப்பது ஜேர்மன் நிறுவனம். இதில் யாழ்ப்பாண ஆய்வாளர்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. எவராயிருந்தாலும் ஆய்வுக்கு ஒரே தரமான தூள்தான் வேண்டும். ஆனால் இதே கிழக்குக் கரையின் மணல் மணலாகக் கப்பலேறுகிறது, தூள் போத்தலில் ஜேர்மனியிலிருந்து வருகிறது. நடுவிலுள்ள ஒரு படி எங்களிடம் இல்லை. திருகோணமலை வளாகம் கோணேசபுரியில், புல்மோட்டைக்குப் போகும் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே பிரயோக விஞ்ஞான பீடமும் உண்டு. கிராம் கணக்கில் தூள் எடுக்கும் ஒரு சிறு ஆய்வுகூடத்துக்கு ஆலையளவு கழிவும் வராது, ஆலையளவு காசும் தேவைப்படாது.

எங்கள் வெயிலுக்கும் மழைக்கும் ஒத்துவருமா

கந்தளாய் போன்ற இடத்தில் இந்தப் பூச்சு எவ்வளவு உதவும் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அதற்கு வெயிலும் வேண்டும், மழையும் வேண்டும். வெயிலுக்கு இங்கே பஞ்சமில்லை. ஆனால் கச்சான் வீசும் வைகாசி முதல் ஆவணி வரையான மாதங்களில் மழை அரிது. வயல் உழும்போதும் சூடடிக்கும்போதும் எழும் தூசு பெரும்பாலும் மண். மண்ணைப் படலம் சிதைக்காது, அதன் பிடியைத் தளர்த்தும், அவ்வளவே. கழுவிவிட மழை இல்லாவிட்டால் வாளியில் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றினால் தேய்க்காமலே போகும், அதுதான் லாபம். காகத்தின் எச்சம் போன்ற தடித்த அழுக்குக்குக் கைதான் வேண்டும்.

மீள்குடியேறிய பல வீடுகளின் யன்னல்களில் கண்ணாடியே இல்லை என்பதும் தெரிந்ததே. ஆகவே எமக்கு இது முதலில் வீட்டு யன்னல் விடயம் அல்ல. சூரியத் தகடுதான். சம்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். 2006இல் மக்கள் இடம்பெயர்ந்த அந்த மண்ணில் முதலில் நிலக்கரி மின்நிலையம் வருவதாக இருந்தது. 2016இல் அது கைவிடப்பட்டது. அதன் இடத்தில் 120 மெகாவாற் சூரிய மின்திட்டம் 2025 ஏப்ரலில் தொடக்கிவைக்கப்பட்டது. கடலுக்கு அருகில் என்பதால் உப்பும் தூசும் சேர்ந்து தகடுகளில் படியும். கழுவத் தண்ணீர் வேண்டும், அது அந்த ஊர்களின் கிணறுகள் இருக்கும் நிலத்தடியிலிருந்தே வந்தால் என்ன ஆகும் என்பதை இப்போதே கேட்டுவைப்பது நல்லது. தகட்டுக்குச் சுத்தமான டைட்டானியம் பூச்சு பொருந்தாது. அது ஒளியைத் தெறிக்கச் செய்து மின்சாரத்தைக் குறைக்கும். சிலிக்கா கலந்த பூச்சே அங்கே சரி.

வீட்டுக் கூரையில் தகடு வைத்திருப்பவர்களுக்கும் வாகனக்காரருக்கும் ஒரு எச்சரிக்கை. 'நனோ கோட்டிங்' என்ற பெயரில் கடைகளில் விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை இந்தக் கட்டுரையில் சொன்னவை அல்ல. தண்ணீரை முத்து முத்தாக உருளச் செய்யும் எதிர் வகை அவை. சோதித்துப் பார்ப்பது சுலபம். பூசிய இடத்தில் தண்ணீர் தெளியுங்கள். முத்தாக நின்றால் அது ஆவியைத் தடுக்காது. தாளாகப் பரவினால்தான் ஆவி படியாத வகை. எந்த வகையாயினும் தெளிக்கும்போது முகமூடி அணியுங்கள். டைட்டானியம் டைஒக்சைட் கண்ணாடியில் ஒட்டியிருக்கும்வரை பயமில்லை. ஆனால் நுண்தூளாகச் சுவாசிப்பதை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வைத்திருக்கிறது. உணவில் நிறத்துக்காகச் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் தடைசெய்தது.

இன்னொன்று. சிறுநீரக நோயால் அவதிப்படும் பதவிசிறிபுரப் பக்கத்தில் இப்படியான பூச்சுள்ள தண்ணீர் வடிகளை யாராவது விற்க வந்தால் கவனம். ஒளியால் வேலை செய்யும் இந்தப் பொருள் கிருமியையும் சேதன அழுக்கையும் சிதைக்கும். தண்ணீரின் வன்மையையும் புளோரைட்டையும் அது நீக்காது.

வெளிநாட்டிலிருந்து யாராவது சுயசுத்தக் கண்ணாடி கொண்டுவந்து பொருத்துவதாக இருந்தால் பாஸிடம் ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள். அலுமினியச் சட்டத்தைச் சுற்றி அடைக்கும் சிலிக்கன் பசை பூச்சின் மேல் படக்கூடாது. அதிலிருந்து கசியும் எண்ணெய் படலத்தை மூடிவிடும், பிறகு தண்ணீர் பரவாது. பொருத்தியபின் படலம் விழித்துக்கொள்ள ஒரு வாரம்வரை வெயில் வேண்டும். முதல் நாளே வேலை செய்யவில்லை என்று சுரண்டிப் பார்க்க வேண்டாம். தேய்க்கும் தூளோ கத்தி முனையோ பட்டால் 15 நனோமீற்றரில் மிஞ்சுவதற்கு ஒன்றும் இராது.